வெறுங்காணி எண்டு ஒண்டு இல்லை

கதைப் புத்தகங்களில் வரும் செந்நரி இலங்கையில் இல்லை. நாங்கள் நரி எண்டு சொல்லுறது பொன்னிறக் குறுநரியை. நாய்க் குடும்பத்தில் இந்தத் தீவிலுள்ள ஒரே காட்டு விலங்கு அது.

நரிக்கு ஏற்ற வாழிடம் எது எண்டு கேட்டால் எல்லாரும் காட்டைக் காட்டுவினம். ஆனா நரி ஊர் விளிம்பிலயும் வாழும். பகலில் படுக்க ஒரு பற்றை, குட்டி போட ஒரு வளை, இரவில் எலி பிடிக்க வயல்வெளி, குடிக்கக் குளம். இவ்வளவும் கிட்டக் கிட்ட இருந்தால் போதும்.

அபிவிருத்தி பேசுறவைக்கோ பற்றையும் தரவையும் வெறுங்காணி. மரத்தை மட்டும் எண்ணி வாழிடத்தை மதிப்பிட்டால் இப்பிடித்தான் முடியும்.

நரி நீர்வெறுப்பு நோயைப் பரப்பும் எண்டு சொல்லுவினம். பரப்பும்தான். ஆனா இலங்கையில் அந்த நோய் மனிசருக்கு வாறது பெரும்பாலும் நாயால. நாய்க்குத் தடுப்பூசி போடுவம். பற்றைக்கு டோசர் விடவேண்டாம்.

ஒரு றோட்டோ வேலியோ வர முன்னம், பகலில் நரி எங்க படுக்குது எண்டு கேக்கச் சொல்லுறம். சற்றலைட் படத்தோட நிக்காமல் மாடு மேய்க்கிறவரிட்டயும் கேளுங்கோ. நரி திரியிற தரவையிலதான் அவற்ற மாடும் மேயுது.