நின்று கேட்பதற்கு ஓர் இடம்

பத்திரிகைத் தொழிலில் நுழைந்து அதிக காலம் ஆகாத நாட்களில் நான் எழுதிய ஐந்து வரிச் செய்தியொன்று இன்றும் மனதை உறுத்துகின்றது. 1996 ஆம் ஆண்டு. கொழும்பின் பஸ் நிலையம் ஒன்றில், கண்பார்வையற்ற ஒருவர் மாலை வேளைகளில் ஹார்மோனியத்துடன் அமர்ந்து பழைய தமிழ், சிங்களப் பாடல்களைப் பாடுவார். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். நடைபாதை அடைபட்டுவிடும். 'பயணிகளுக்கு இடையூறு' என்று நான் எழுதினேன். அவ்வாண்டு ஜனவரியில்தான் மத்திய வங்கி மீது குண்டுத்தாக்குதல் நடந்திருந்தது. பத்துப்பேர் ஓரிடத்தில் கூடினாலே அச்சம் ஏற்பட்ட காலம். செய்தி வெளியான அடுத்த வாரம் அவர் அங்கு இல்லை. எனது செய்திதான் அதற்குக் காரணமா என்பது எனக்குத் தெரியாது. அதை விசாரித்து அறியும் அக்கறையும் அன்று எனக்கு இருக்கவில்லை.

அதை மீண்டும் நினைவூட்டியது வாஷிங்டன் நகரில் நடந்த ஒரு பரிசோதனை. 2007 ஜனவரி 12 ஆம் திகதி காலை, உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோசுவா பெல் அந்நகரின் சுரங்க ரயில் நிலையமொன்றின் வாயிலருகே நின்று 43 நிமிடங்கள் வாசித்தார். அவர் கையில் இருந்தது 1713 இல் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின். தலையில் ஒரு தொப்பி, எதிரே திறந்துவைத்த வயலின் பெட்டி. அவரைக் கடந்து சென்றவர்கள் 1,097 பேர். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர். பெட்டியில் விழுந்தது 32 டொலர்களும் சில்லறையும். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர்தான் பொஸ்டனில் அவருடைய கச்சேரிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. இப்பரிசோதனையை ஏற்பாடு செய்து 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் எழுதிய ஜீன் வெய்ங்கார்ட்டனுக்கு 2008 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டி, நவீன மனிதனுக்குக் காது செத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். நான் அதை ஏற்பதற்கில்லை. காலை எட்டு மணியளவில் அலுவலகத்துக்கு ஓடுபவன் நிற்கவில்லை என்றால் அது ரசனையின் குறையா, கடிகாரத்தின் குறையா? அக்கட்டுரையிலேயே இன்னொரு தகவலும் உண்டு. அவ்வழியே வந்த குழந்தைகள் ஒவ்வொன்றும் நிற்க முயன்றன. பெற்றோர்கள்தான் இழுத்துக்கொண்டு சென்றார்கள். 2014 செப்டெம்பரில் அதே பெல், அதே நகரின் யூனியன் ஸ்டேஷனில், முன்கூட்டி அறிவித்துவிட்டு நண்பகலில் வாசித்தபோது பெருங்கூட்டம் திரண்டது. மனிதர்களுக்கு நிற்பதற்கு நேரமும் இடமும் கிடைத்தன, நின்றார்கள். அவ்வளவுதான்.

இடத்தை மறுத்த கதை பழையது. 1864 இல் லண்டனில் வீதி இசையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வீட்டுக்காரர் போகச் சொன்னால் இசைப்பவர் போய்விட வேண்டும். மறுத்தால் பொலிஸார் பிடிக்கலாம். கணினியின் முன்னோடியான சார்ள்ஸ் பாபேஜ் இதற்காகப் பெரிதும் போராடியவர். 165 தடவைகள் தமது வேலை குழம்பியதாக அவர் கணக்கெழுதி வைத்திருந்தார். அவரை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டு வாசலில் நாள் முழுவதும் இசைப்பெட்டி ஒலித்தால் எவருக்கும் தலை வெடிக்கும். ஆனால் அதே லண்டன், 2003 இல் சுரங்க ரயில் நிலையங்களில் இசைப்பதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கியது. கலைஞர்களைத் தெரிவு செய்து, நேரம் ஒதுக்கி, தரையில் அரைவட்டம் வரைந்து, 'இங்கே நில்லுங்கள்' என்றது. பாரிஸ் மெட்ரோ 1997 இலேயே இத்தகைய ஏற்பாட்டைச் செய்துவிட்டது. இடையூறு எனப்பட்டது, இடம் கொடுத்தபோது இசையாகிவிட்டது.

இது நமக்குப் புதிய பாடமா? யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களை எண்ணிப் பாருங்கள். சுவாமி வீதியுலா வரும்போது மேளகாரர் நின்று வாசிப்பார்கள், ஊரும் நிற்கும். அளவெட்டி என்.கே. பத்மநாதன் போன்றோரின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த ஆயிரக்கணக்கானோர் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் அல்லர். கோயில் வீதியின் மணலில் இருந்தவர்கள். சந்தை வியாபாரிக்கும் பேராசிரியருக்கும் அங்கே ஒரே மணல்தான். அந்தக் கூட்டத்தை எவரும் இடையூறு என்று சொன்னதில்லை. கோயில் அதற்கு இடத்தையும் வேளையையும் வகுத்துவைத்திருந்தது. கலைஞருக்குச் சன்மானமும் மரியாதையும் இருந்தன.

கோயிலுக்கு வெளியே வந்ததும் நமது பார்வை மாறிவிடுகின்றது. நமது புகையிரதங்களில் றபான் தட்டிப் பாடி வந்தவர்களை நாம் கலைஞர் என்று எண்ணியதில்லை. 1841 இல் பிரித்தானியர் கொண்டுவந்த சட்டம் வீதியில் கையேந்துபவரைக் குற்றவாளியாக்கியது. பாடிப் பெறும் காசைக் கூலி என்று கொள்வதா, பிச்சை என்று கொள்வதா என்ற கேள்வியை நாமும் எழுப்பவில்லை. என்னைப் பொறுத்தவரை அது கூலி. கேட்டவன் தான் விரும்பியதைக் கொடுக்கின்றான். விரும்பாதவன் கடந்து போகின்றான். இதைவிட நேர்மையான நுழைவுச்சீட்டு எந்த மண்டபத்தில் உண்டு?

எனவே கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாநகர சபைகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் கடற்கரையிலும், வழி அடைபடாத ஒரு மூலை. மாலையில் இரண்டு மணித்தியாலங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், அயலாருக்கும் அமைதி வேண்டும். கலைஞர்களுக்கு முறைவைத்து ஓர் அனுமதி அட்டை. யுத்தம் 2009 இல் முடிந்தது. கூட்டத்தைக் கண்டால் அஞ்சும் பழக்கம் நம்மைவிட்டு முற்றாகப் போவதற்கு, பாட்டுக் கேட்கக் கூடும் கூட்டத்தைவிட நல்ல மருந்து வேறு இருக்க முடியாது. ஹார்மோனியக்காரரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். அக்காலத்தில் கொழும்பில் அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் தோளுரசி நின்ற இடங்கள் அதிகமில்லை. நான் எழுதிய ஐந்து வரிகளில் அது இடம்பெறவில்லை.

லண்டனிலோ டொரொன்டோவிலோ பாரிஸிலோ இதை வாசிப்பவர்கள் நாளை ரயில் நிலையத்தில் யாரேனும் வாசிக்கக் கேட்டால், இரண்டு நிமிடங்கள் நின்று போங்கள். கூடவரும் குழந்தை நிற்க விரும்பினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.