கிளி எடுத்த சீட்டும் அச்சகம் அனுப்பும் சீட்டும்

தாமே வரைந்த சித்திரங்களை இணையவழி அச்சகத்துக்கு அனுப்பி, 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டொன்றை மலேசியாவின் தஞ்சோங் கிளிங்கில் தம் வீட்டு வாசலிலேயே எவரும் பெற்றுக்கொள்ளக்கூடிய இக்காலத்தில், கிளி ஜோசியர் விரித்த தெய்வப் படச் சீட்டுகளைக் கண்டு வளர்ந்த நம் சமூகம் அதிசயிப்பதற்கு அதில் ஏதுமில்லை. ஆயினும், பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் சித்திரக்காரி சொற்ப ஊதியத்துக்கு வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான டாரட் படங்களையே சற்று நிறம் மாற்றி அச்சிடுவது எனக்கு உவப்பாயில்லை. சட்டம் தடுக்கிறதென்பதாலன்று; அவர் 1951இல் கடனாளியாகவே மறைந்தார், மலேசியச் சட்டமோ படைத்தவரின் ஆயுளுக்குப்பின் 50 ஆண்டுகளே உரிமையைக் காக்கிறது.

ஆருடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, சித்திரத்தில் உண்டு. முனீஸ்வரரும் மாரியம்மனும், விடியுமுன் வாளியும் கத்தியுமாகப் பால்மரம் சீவப் புறப்பட்ட தோட்டத்துத் தாயும் இருக்க, ஐரோப்பிய ராணியை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? வரைபவர்கள் ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் நலம்: ஓரங்களில் 3 மில்லிமீட்டர் மிகுதியாகப் படத்தை நீட்டிவைக்காவிட்டால், அச்சகத்தின் வெட்டு சற்றே பிசகினாலும் முனீஸ்வரரின் அரிவாளை ஒட்டி ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்துவிடும்.