உதட்டுப் புண்ணைச் "சூடு" என்று தள்ளிவிடாதீர்கள்!



உதடு வெடித்து, கடைவாய் கிழிந்து, சோறு சாப்பிட முடியாமல் வருகிறவர்களைக் கேட்டால், "இது சூடுங்க ஐயா, இளநீர் குடிச்சா போயிடும்" என்பார்கள். இளநீர் குடியுங்கள், தப்பில்லை. ஆனால், எல்லா உதட்டுப் புண்ணும் சூட்டால் வருவதல்ல. காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் புண் ஆறாது.

முதலில் கண்ணாடி எடுத்து, புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வாயின் இரண்டு ஓரத்திலும் சிவந்து வெடித்திருந்தால் அது கடைவாய்ப்புண். எச்சில் தங்கி ஊறிய இடத்தில் பூஞ்சைக் கிருமியோ வேறு கிருமியோ சேர்வதால் வருவது. இரும்புச் சத்து, பி2 வைட்டமின் குறைந்தவர்களுக்கும், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், பொருந்தாத பல்செட் போட்ட பெரியவர்களுக்கும் இது திரும்பத் திரும்ப வரும். களைப்பும், கண் இமைக்குள் வெளுப்பும் சேர்ந்திருந்தால் இரத்தச் சோகையா என்று பார்க்க வேண்டும்.

கீழ் உதடு மட்டும் காய்ந்து, தோல் உரிந்து, சொரசொரப்பாக இருந்தால் வெயில் காரணமாக இருக்கலாம். வருஷக் கணக்கில் வெயிலில் நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கொத்தாகச் சிறு கொப்புளம் வந்து எரிந்தால் அது வைரஸ் கிருமி, ஒட்டிக்கொள்ளும். ஆறும்வரை உங்கள் கோப்பையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தையை முத்தமிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தால், பெரும்பாலும் உதட்டை நக்கும் பழக்கந்தான். நக்க நக்க இன்னும் காயும்.

என்ன செய்வது? வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, வாசலின் மெல்லியதாக ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை தடவுங்கள். தோலைப் பிய்க்காதீர்கள். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கடைவாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, சீழுக்கு வேறு மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் களிம்பை வாங்கிப் பூசினால் இரண்டும் கெட்டுப்போகும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உதட்டிலோ வாய்க்குள்ளோ மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், கட்டி, வெள்ளைத் திட்டு, இரத்தக் கசிவு இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கலாம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குங்கூட வாய்ப்புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. "எங்க பாட்டி போடலையா?" என்று கேட்காதீர்கள். போடுகிறவர்கள் வாயை மாதம் ஒரு முறையாவது கண்ணாடியில் பாருங்கள். விட முடிந்தால் விட்டுவிடுங்கள்.

வராமல் தடுக்க நெத்திலி, முட்டை, பருப்பு, கீரை சேருங்கள். சாப்பாட்டோடு கெட்டித் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது; ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். விளிம்பு அகன்ற தொப்பி போடுங்கள்.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் தொழிலாளி தலையில் கட்டுவது நியாயமில்லை. வேலைக்காட்டில் குடிக்க நல்ல தண்ணீர், ஓய்வெடுக்க நிழல், தலைக்குத் தொப்பி ஆகியவை சலுகை அல்ல, தேவை. இவற்றைச் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.

"கிளினிக் போனா ஒரு நாள் கூலி போயிடுமே" என்று பயந்து புண்ணை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 22 நாள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், அந்த நாள் உங்களுடையது.

வெட்டுக் கத்தி மொட்டையானால் உடனே தீட்டுகிறோம். சொந்த உடம்பை மட்டும் ஏன் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டும்? நாளைக் காலையில் முகம் கழுவும்போது உதட்டையும் ஒரு தடவை பாருங்கள்.