மேசைமேல் வான்போர்

விளையாட்டென்பது உடலுக்கு உரம் தருவதாகவேனும் உள்ளத்திற்குக் கூர்மை தருவதாகவேனும் இருத்தல் வேண்டும் என்பர் பெரியோர். பந்தாட்டம் முன்னதற்கும் சதுரங்கம் பின்னதற்கும் சான்றாகும். இவ்விரண்டின் வேறாகப் பிறிதொரு வகையும் உண்டு. அது, கழிந்துபோன ஒரு காலத்தினுள் ஆடுவோரைப் புகுத்தி, அக்காலத்து மாந்தர் நின்ற நிலையில் நிறுத்தி, 'இப்பொழுது நீ என் செய்வாய்?' என வினவுவது. அத்தகைய விளையாட்டு ஒன்றை இவ்வாண்டு விடுதியில் யாமும் எம் தோழரும் ஆடிப் பார்த்தோம். அதனை நன்றென்பாரும், போரை விளையாட்டாக்குதல் தகாது, அப்பெட்டியை விடுதியினின்றும் அகற்றுதலே முறை என்பாரும் எம்மிடையே உளர். இருதிறத்தார் கூற்றையும் ஆராய்ந்து எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் விளையாட்டின் இயல்பைக் கூறுவாம். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் விமானங்கள் வானில் ஒன்றையொன்று துரத்திப் பொருத செய்தியே இதன் பொருள். இத்தாலிய நாட்டினராகிய ஆந்திரேயா ஆஞ்சொலினோ, பியெர் ஜோர்ஜோ பாலியா என்னும் இருவர் இதனை அமைத்து, 'விங்ஸ் ஆப் வார்' என்ற பெயரால் 2004-இல் வெளியிட்டனர். 2012 முதல் 'விங்ஸ் ஆப் குளோரி' என்னும் பெயருடன் வழங்கி வருகிறது. சிறு விமான உருவங்கள் உண்மை விமானத்தின் 144-இல் ஒரு பங்கு அளவின. இரண்டடுக்கு இறக்கையுடைய 'ஸாப்வித் கேமல்' என்னும் ஆங்கில விமானமும், மூன்றடுக்கு இறக்கையுடைய 'போக்கர்' என்னும் ஜெர்மானிய விமானமும் ஒருவன் உள்ளங்கையில் அடங்கிவிடும். மேசையே வானம், அதன் விளிம்பே எல்லை.

ஒவ்வொரு விமானத்திற்கும் தனித்தனிச் சீட்டுக்கட்டு உண்டு. நேரே செல்லுதல், இடம் வலம் திரும்புதல், பக்கவாட்டிற் சரிதல், தலைகீழாய்ப் புரண்டு வந்தவழி மீளுதல் என்னும் இயக்கங்கள் அச்சீட்டுக்களில் அம்புக்குறியாய் வரையப்பட்டுள்ளன. ஆடுவோர் மூன்று இயக்கங்களைப் பிறர் காணாதவாறு முன்னரே தெரிந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். பின்னர் யாவரும் ஒருங்கே முதற்சீட்டை மலர்த்தி, அம்பு காட்டிய வழியே தத்தம் விமானத்தை நகர்த்துவர். பகைவிமானம் துப்பாக்கியின் நோக்கினுள்ளும் அளவுகோலின் எல்லையுள்ளும் அகப்படின் சுடலாம். கோலில் பாதி தூரத்தினுள் நிற்பின் சேதச்சீட்டு இரண்டு. அதற்கு அப்பாலாயின் ஒன்று. பின்னரே இரண்டாஞ் சீட்டும் மூன்றாஞ் சீட்டும் மலரும். இடையில் மனம் மாறினும் வைத்த சீட்டை மாற்றுதல் இயலாது.

இவ்வொரு விதியிலேயே விளையாட்டின் உயிர் அடங்கியுள்ளது என்பது எம் துணிபு. என்னை? சதுரங்கத்தில் எதிரி காய் நகர்த்திய பின்னரே யாம் எண்ணிப் பார்த்து நகர்த்துகின்றோம். ஈண்டோ அவன் உள்ளத்தை அறியுமுன்னரே எம் உள்ளத்தை முடிவு செய்தல் வேண்டும். அவன் இப்பொழுது நிற்கும் இடத்தை நோக்கிப் பாய்வோர் வெறும் வானத்தையே சுடுவர். அவன் மூன்று நொடி கழித்து எங்கு நிற்பான் என்று உய்த்துணர்வோரே வெல்வர். அவனும் அவ்வாறே எம்மை உய்த்துணர்கின்றான் என்பது நினைவிற்கு வரும்போது கையிலுள்ள சீட்டு கனக்கின்றது.

விமானங்களின் இயல்பு வேற்றுமையும் சுவை பயப்பதே. கேமல் விமானத்தில் சுழலி எஞ்சின் உந்துவிசிறியோடு தானும் சேர்ந்து சுற்றும். அச்சுழற்சியின் விளைவால் அது வலப்புறம் விரைந்தும் இடப்புறம் தாழ்ந்தும் திரும்பிற்று. அதனை அடக்கியாளக் கற்குமுன் பயிற்சிக் களத்திலேயே உயிர்நீத்தோர் பலர். தலைகீழாய்ப் புரண்டு மீளும் இயக்கத்திற்கு இம்மெல்மன் என்னும் ஜெர்மானிய வீரர் பெயர் வழங்குகிறது. அதற்கு முன்னும் பின்னும் நேரே செல்லுதல் வேண்டும் என்பது விதியாதலின், எதிரில் நேராய் வருவோனைக் கண்டவுடன், 'இவன் புரளப் போகின்றான்' என ஐயுறவு எழும். அவ்வையத்தை எழுப்பிப் புரளாதுபோதல் ஒரு சூழ்ச்சி.

ஒருநாள் இருவருக்கு இருவராய் ஆடுகையில், எதிர்க்கட்சியார் இருவரும் எம் விமானத்தையே குறிவைத்து இருபுறமும் திரும்பினர். அவர்தம் விமானங்கள் இரண்டும் ஒரே இடத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அது மோதல் எனப்படும், இருவருக்கும் சேதம். யாம் யாவரும் நகைத்தோம். பின்னர் நூல் நிலையத்திற் படித்தபோது நகை அடங்கிற்று. வான்போருக்கு முதன்முதல் விதி வகுத்தவர்களுள் தலைசிறந்தவராகிய ஆஸ்வால்ட் போல்கே என்பார், 1916 அக்டோபர் 28-ஆம் நாள், பகைவன் குண்டினால் அன்று, ஒரே பகைவனைத் துரத்திச் சென்ற தம் தோழர் விமானத்தோடு உராய்ந்தே வீழ்ந்து மாண்டார். மேசையில் நகைப்பாய் நிகழ்ந்தது வானில் அவ்வாறே நிகழ்ந்துளது.

இனி, போரை விளையாட்டாக்கலாமோ என்னும் தடையை நோக்குவாம். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் முறையொன்றை வகுத்து, 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக 1913-இல் வெளியிட்டார். மெய்ப்போரின் பேதைமையைப் பொம்மைப்போர் உணர்த்தும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே ஐரோப்பா முழுதும் தீப்பற்றிற்று. ஆகவே விளையாட்டு போரை ஒழிக்கும் என்று யாம் கூறமாட்டோம். அதுபோலவே, சீட்டும் பொம்மையும் கொண்டு ஆடுவதனால் இளைஞர் போர்வெறி கொள்வர் என்னும் கூற்றையும் யாம் உடன்படோம். அப்போரை மூட்டியோர் மேசைமேல் ஆடிய மாணவர் அல்லர்.

எமக்குத் தோன்றும் குறை வேறு. தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு அது புறத்திணையின் வழியாகவே புலப்பட்டது. வலிமையே பொருளாக இருதிறத்தாரும் நேர்நின்று பொருவது தும்பை. பகைவர் அறியாமற் சென்று ஆநிரை கவர்வது வெட்சி. மேசைமேல் யாம் ஆடுவது தும்பை. எல்லா விமானமும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். மறைவு சீட்டில் மட்டுமே. மெய்யான வான்போரோ பெரிதும் வெட்சியின்பாற் பட்டது. கதிரவனை முதுகிற் கொண்டு, பின்புறமிருந்து, மிக நெருங்கிச் சுடுக என்பதே போல்கே வகுத்த விதிகளின் சாரம். சுட்டவன் யாவன் என்று காணாமலே வீழ்ந்தோர் பலர். மேசையில் கதிரவன் இல்லை, முகில் இல்லை, திறந்த இருக்கையில் உடலை விறைப்பிக்கும் குளிரும் இல்லை. உயரத்தைக் கணக்கிடும் விதிகள் தனியே உளவெனினும், எளிய முறையில் ஆடுவோர்க்கு அதுவும் இல்லை. வான்வீரரைப் பழங்காலத்து மறவர்போல் எண்ணிப் போற்றும் வழக்கம் ஒன்று உண்டு. 1918 ஏப்ரல் 21-ஆம் நாள் வீழ்ந்த ரிக்தோபன் என்னும் ஜெர்மானியரை அவர்தம் பகைவரே படைமரியாதையோடு அடக்கம் செய்தது அவ்வழக்கத்திற்கு இடம் தருவதே. எனினும் அவ்வொரு நிகழ்ச்சியைக் கொண்டு முழுப்போரையும் தும்பையெனக் கொள்ளுதல் பிழையாகும். விளையாட்டு அப்பிழையை வளர்க்க வல்லது.

மற்றொன்று. சேதச்சீட்டுக்களிடையே வெடிப்பைக் குறிக்கும் சீட்டொன்று உளது. அது வரின் விமானம் அக்கணமே அழிந்தது. ஆடுவோன் தன் விமானத்தை மேசையினின்றும் எடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்திற்குச் சீட்டைக் கலைப்பான். மெய்ப்போரில் ஆங்கில விமானிகளுக்குப் பாராசூட் வழங்கப்படவே இல்லை. ஜெர்மானியருக்கும் 1918-இலேதான் கிடைத்தது. தீப்பற்றிய விமானத்தில் இருந்தவனுக்கு எரிதலும் குதித்தலும் அன்றி மூன்றாஞ் சீட்டு இல்லை.

அவ்விமானிகளின் வயதை நோக்குமின். 44 வெற்றி பெற்ற ஆல்பர்ட் பால் 1917 மே மாதத்தில் வீழ்ந்தபோது அவருக்கு வயது 20. 48 வெற்றி பெற்ற வெர்னர் வாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் வீழ்ந்தபோது அவருக்கும் 20. நம் நாட்டவரும் ஒருவர் அவ்வரிசையில் உளர். கல்கத்தாவில் 1898-இல் பிறந்த இந்திரலால் ராய் இங்கிலாந்திற் கல்வி பயின்று, விமானப்படையிற் சேர்ந்து, 1918 ஜூலையில் இரு வாரத்திற்குள் பத்து வெற்றி பெற்றார். அம்மாதம் 22-ஆம் நாள் பிரான்சின் வானில் வீழ்ந்தார். அவருக்கு வயது 19. இதனை எழுதும் எமக்கும் வயது அதுவே. அவர் எஸ்டெவெல் என்னும் சிற்றூர் இடுகாட்டில் உறங்குகின்றார். யாம் அடுத்த தேர்விற்குப் படித்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆயின் பெட்டியை அகற்றிவிடலாமோ? வேண்டா என்பதே எம் விடை. விளையாடியிராவிடின் போல்கேயின் முடிவையும் இந்திரலாலின் வயதையும் யாம் தேடிப் படித்திருக்கமாட்டோம். பாடநூலில் ஒரு வரியாய்க் கடந்துபோகும் போர், கவிழ்த்த சீட்டின் முன் அமர்ந்திருக்கும் அரைநிமிடத்தில் ஒரு மனிதனின் ஐயமாகவும் அச்சமாகவும் நம்மை அணுகுகின்றது. அணுகிய அதனை அவ்வளவில் விட்டுவிடுதலே குற்றம்.

ஆகலின் எம் தோழரும் யாமும் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். இவ்விளையாட்டின் விமான அட்டைகளிற் பலவற்றில் அதனை ஓட்டிய மெய்யான வீரரின் பெயர் பொறித்துளது. அப்பெயருக்குரியார் எவ்வூரினர், எத்தனை வயதினர், என்று எவ்வாறு மாண்டார் அல்லது பிழைத்தார் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியினுள் வைக்கின்றோம். ஆடுமுன் தத்தம் விமானிக்குரிய தாளை ஒவ்வொருவரும் உரக்கப் படித்தல் வேண்டும். படியாதவருக்குச் சீட்டு இல்லை. இதற்கு இரண்டு நிமிடமும் ஆவதில்லை. இவ்விரண்டு நிமிடத்தையும் பொறாதவர், அன்பர்காள், பந்தாட்டத்திற்கே செல்லுதல் நலம். பொறுப்பவர் மாலையில் எம் அறைக்கு வருக. மேசையில் இன்னும் இருவருக்கு இடம் உண்டு.