கம்ப்யூட்டரில் உடையும் கார் பாகமும் தங்கவயல் பிள்ளைகளும்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்த தங்கவயல் வாலிபர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு படிப்பின் பெயர் அடிபடுகிறது. 'சிமுலேஷன்' என்கிறார்கள். மோட்டார் காரின் பாகத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து, கம்ப்யூட்டரிலேயே பளு ஏற்றி, அது எங்கே விரிசல் விடும், எங்கே உடையும் என்று பார்க்கும் வித்தை அது. பெங்களூரில் இதைக் கற்றுத்தரும் தனியார் பயிற்சிக் கூடங்கள் பல. மூன்று மாதம், ஆறு மாதம் என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்துக்காக அம்மாவின் நகை அடகுக்குப் போகிற வீடுகள் ஆண்டர்சன்பேட்டையில் உண்டு. தங்கம் தோண்டிய ஊரில் தங்கம் அடகுக்குப் போவது தனிக் கதை.

படிப்பு வீண் என்று சொல்வதற்கில்லை. முன்பெல்லாம் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஒன்றைச் செய்ய வேண்டுமானால், வார்த்து, கடைந்து, சோதனை மேடையில் பூட்டி, லட்சக்கணக்கான தடவை ஆட்டிப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் வரைபடத்தைத் திருத்தி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது அந்தக் கையை ஆயிரக்கணக்கான சிறு சிறு துண்டுகளாகக் கம்ப்யூட்டர் பிரித்துக்கொள்கிறது. இவ்வளவு இழுத்தால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளும், பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளும் என்று சமன்பாடுகளை எழுதி, எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்கிறது. மாதக் கணக்கில் ஆன வேலை சில நாட்களில் முடிகிறது.

இது நேற்று வந்ததும் அல்ல. 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா தன் தேவைக்காக நாஸ்ட்ரான் என்ற புரோகிராமை எழுதச் செய்தது. 1970-ல் ஜான் ஸ்வான்சன் என்ற இன்ஜினீயர் தொடங்கிய கம்பெனியிலிருந்து வந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் ஆன்சிஸ்.

ஆனாலும் நிஜமான காரை மோதிப் பார்க்கும் வேலை ஒழிந்துவிடவில்லை. 2023 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில், மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிட்டுத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் கணக்கை மட்டும் நம்பி யாரும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. இதைப் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும்.

பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் நடப்பது வேறு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும் என்பதோடு பாடம் முடிகிறது. திரையில் நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் விரிகிறது. சிவப்பு இருக்கும் இடத்தில் தகட்டைத் தடிமனாக்கு என்கிறார்கள். அந்தச் சிவப்பு உண்மையா, பொய்யா? அதைக் கேட்க யாரும் சொல்லித் தருவதில்லை.

அகலமான ஒரு தகட்டில் சிறிய வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் மற்ற இடத்தைப் போல மூன்று மடங்கு தகைவு ஏறும். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே, 1898-ல், கிர்ஷ் என்ற ஜெர்மானியர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னது இது. இதைத் தெரிந்த பையன் கம்ப்யூட்டர் இரண்டு என்றோ ஆறு என்றோ காட்டினால் உடனே சந்தேகப்படுவான். அதைவிட மோசம், உட்புறமாக மடிந்த கூரான மூலை. அங்கே துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. அது இரும்பின் குற்றமல்ல, கணக்கின் குணம். தெரியாதவன் விடிய விடியத் துண்டு போட்டுக்கொண்டிருப்பான். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. மில்லி மீட்டரில் வரைந்துவிட்டு இந்த எண்ணை அப்படியே கொடுத்தாலும் பல புரோகிராம்கள் மறுபேச்சுப் பேசாமல் ஒரு விடையைத் தரும். சிவப்பும் பச்சையும் அப்போதும் அழகாகவே தெரியும்!

இந்தச் சந்தேக புத்தி தங்கவயலுக்குப் புதிதல்ல. மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறை வெடிப்புக்கு நடுவே வேலை செய்த ஜனங்கள் இவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும். பளு எங்கே இறங்குகிறது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டதற்குக் காரணமும் அதுதான். பாறையில் ஏறும் அழுத்தத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவதும், கார் பாகத்தில் ஏறும் அழுத்தத்தைக் கணக்கிடுவதும் ஒரே குடும்பத்துக் கணிதம். பின்னர் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூருக்கு மாறியது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது. மிஞ்சியது மாரிகுப்பம் ரயில்.

அந்த ரயிலில் போய்த்தான் இதைக் கற்க வேண்டும் என்ற நிலை அவசியமா? ஊரிலேயே இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் பி.இ.எம்.எல். தொழிற்சாலை இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். மூலம் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆன்சிஸ் கம்பெனியே மாணவர்களுக்கென்று, துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, இலவசப் பதிப்பு தருகிறது. கால்குலிக்ஸ் போன்றவை முற்றிலும் இலவசம். குறைவது மென்பொருள் அல்ல, உடைந்த இரும்பு.

ஆகவே பி.இ.எம்.எல். நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம். வேலைக்களத்தில் முறிந்து திரும்பி வரும் பாகங்களில் ஆண்டுக்குப் பத்தாவது உள்ளூர் மாணவர்களுக்குக் கொடுக்கட்டும். முறிவு எங்கே தொடங்கியது என்பதைக் கண்ணால் பார்த்து, பிறகு அதே பாகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கிடங்கில் கிடக்கும் இரும்புதான். ஓய்வு பெற்ற ஃபிட்டர்களும் வெல்டர்களும் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை வந்து உட்காரச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

அதுவரை, பணம் கட்டப் போகும் பெற்றோர் பயிற்சிக் கூடத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். நீங்கள் கம்ப்யூட்டரில் உடைத்துக் காட்டும் பாகத்தை நிஜமாகவும் உடைத்துக் காட்டுவீர்களா? பதில் வரும் தோரணையைப் பார்த்துவிட்டு நகையைக் கழற்றலாம்.