கேமராவைத் திறப்பது ஊழியரின் விருப்பமாக இருக்கட்டும்

சென்னையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்ப்போரின் சங்கம் என்ற முறையில், காணொலிக் கூட்டங்கள் தரும் சோர்வு குறித்து எங்கள் நிலைப்பாட்டைத் தெரிவிக்கிறோம். கூட்டத்தில் கேமராவைத் திறக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் பத்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். இவ்விரண்டும் மேனேஜரின் பெருந்தன்மையை நம்பியிராமல், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான விதியாக வேண்டும்.

வீடியோ கூட்டமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் தினமும் போய்வந்தவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதன் அருமை தெரியும். எங்கள் குறை வேறு. நாற்காலியை விட்டு எழாமலே ஒருவர் மாலைக்குள் துவண்டுவிடுகிறார். "உட்கார்ந்துதானே இருந்தே, அப்படி என்ன அலுப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021 பிப்ரவரியில் நான்கு காரணங்களை எடுத்துவைத்தார். திரை முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பதுபோல் இருப்பது ஒன்று. நாளெல்லாம் சொந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. கேமராவின் சட்டத்தைத் தாண்டாமல் அசையாது உட்கார வேண்டும். நேரில் தானாக நடக்கும் தலையாட்டலையும் முகக்குறிப்பையும் இங்கே முயன்று செய்ய வேண்டும், பிறருடையதை முயன்று படிக்கவும் வேண்டும். நேர்ச் சந்திப்பில் பேசுபவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கேட்பவர் குறிப்பெடுப்பார், ஜன்னல் பக்கம் திரும்புவார். கட்டம் கட்டமான திரையிலோ வாயே திறக்காதவரையும் ஒன்பது முகங்கள் பார்த்தபடி இருக்கின்றன. சலூன் நாற்காலியில் அரை மணி நேரம் கண்ணாடி முன் உட்காரவே நெளிகிறவர்கள் நாம்.

இணைய வேகம் தன் பங்குக்குப் படுத்துகிறது. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இணைப்பில் 1.2 விநாடி தாமதம் இருந்தபோது எதிர்முனையில் இருப்பவர் கவனமில்லாதவர், அவ்வளவு சிநேகமில்லாதவர் என்ற எண்ணம் பேசுபவருக்கு ஏற்பட்டது தெரியவந்தது. லைன் செய்த குற்றம் ஆள் தலையில் விழுகிறது. சொந்த ஊரில் இருந்தபடி, சுமாரான பிராட்பேண்டில் வேலை பழகும் புதியவர்மீது இதன் பாரம் இன்னும் கூடுதலாக விழும்.

பெய்லன்சன் முன்வைத்தது வாதம்தான், சோதனை முடிவல்ல என்று நிர்வாகங்கள் சொல்லக்கூடும். சரி, சோதனைக்கே வருவோம். அதே 2021இல் கிறிஸ்டன் ஷாக்லியும் சக ஆய்வாளர்களும் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து முடிவுகளை வெளியிட்டார்கள். கேமரா திறந்திருந்தபோது சோர்வு கூடியது. கூட்டத்தில் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைவிடக் கேமராவே சோர்வோடு ஒட்டி வந்தது. பெண்களுக்கும் வேலைக்குப் புதியவர்களுக்கும் பாதிப்பு அதிகம். சோர்ந்தவர்கள் கூட்டத்தில் வாய் திறப்பதும் மனம் ஒன்றுவதும் குறைந்தன. "கேமராவை மூடினால் கவனம் போய்விடும்" என்று சொல்லும் மேனேஜர்கள் இந்தக் கடைசி முடிவை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஸ்டான்ஃபோர்டு நடத்திய இன்னோர் ஆய்வில், கடுமையாகச் சோர்வதாகச் சொன்ன பெண்கள் 13.8 சதவீதம், ஆண்கள் 5.5 சதவீதம். நம் ஊரில் இதற்கு வேறு கோணமும் உண்டு. மகளிர் விடுதியில் மூன்று கட்டில் போட்ட அறையில் கேமராவைத் திறந்தால், பின்கட்டிலில் தூங்குபவரும் கூட்டத்தில் கலந்துகொள்கிறார். நியூயார்க்கில் காலை பத்தரை என்றால் கோடையில் இங்கே இரவு எட்டு. குழந்தைக்குச் சோறூட்டும் நேரம். அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை சம்பளத்தோடு சேர்ந்து வருவதில்லை.

நெதர்லாந்து நீதிமன்றம் ஒன்று 2022இல் ஏறக்குறைய இதையே சொன்னது. ஃபுளோரிடா நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், நாளுக்கு ஒன்பது மணி நேரம் வெப்கேமராவைத் திறந்துவைக்க மறுத்ததால் நீக்கப்பட்டார். அப்படிக் கேட்பதே தனிவாழ்க்கைக்கான உரிமையை மீறுவது, நீக்கியது தவறு என்று தீர்ப்பாகி, அவருக்குச் சுமார் 75,000 யூரோ கிடைத்தது.

இடைவெளி பற்றிச் சுருக்கமாக. மைக்ரோசாஃப்ட் 2021இல் 14 பேரின் மூளை அலைகளை அளந்தது. அரை மணிக் கூட்டங்கள் நான்கு அடுத்தடுத்து வந்தபோது மன அழுத்தத்தின் அறிகுறி ஏறிக்கொண்டே போனது. நடுவே பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தபோது தணிந்தது. பதினான்கு பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பீரியடுக்குப் பீரியட் மணி அடிப்பதன் காரணம் தெரிய மூளையை அளக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பிரக்யாதா வழிகாட்டுதல் 2020 ஜூலையில், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கே நாளுக்கு 30 முதல் 45 நிமிட இணைய வகுப்புகள் நான்குக்கு மேல் கூடாது என்றது. எங்கள் உறுப்பினர்களில் பலர் அந்த வரம்பை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தாண்டிவிடுகிறார்கள்.

கேமரா தேவைப்படும் நேரங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். சைகை மொழியில் பேசுபவருக்கும் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கும் எதிரிலிருப்பவரின் முகம் தெரிந்தாக வேண்டும். புதிய வாடிக்கையாளரை முதன்முதலில் சந்திக்கும்போதும் முகம் காட்டுவது மரியாதை. அத்தகைய கூட்டம் என்றால் முந்தைய நாளே காரணத்தோடு சொல்லிவிடட்டும். தினசரி ஸ்டேட்டஸ் கால் அந்த வகையில் சேராது. அதில் பாதி மெயிலில் முடியக்கூடிய விஷயம், மீதி போனில் நடந்துகொண்டே பேசக்கூடியது.

அரை மணிக் கூட்டத்தை இருபது நிமிடமாகவும் ஒரு மணிக் கூட்டத்தை ஐம்பது நிமிடமாகவும் காலண்டரிலேயே மாற்றிவைக்க நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கேமராவை மூடிவைத்தவர் என்பதற்காக அப்ரைசலில் ஒருவருக்கும் மதிப்பெண் குறையக் கூடாது. குறைந்தால் அந்த ஊழியர் பக்கம் சங்கம் நிற்கும். இதுபற்றி எங்களோடு பேச விரும்பும் நிர்வாகங்கள் நேரில் அழைக்கட்டும், வருகிறோம். நேரில் முடியாதென்றால் போன் செய்யுங்கள்.