மானைக் காட்டி மக்களை மறைக்காதீர்!

வசதி படைத்தோரின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். சிங்கம் பார்க்கிறார்கள், மசாய் மக்களின் ஆட்டம் பார்க்கிறார்கள். இதற்கு ‘வனவிலங்குக் கல்விப் பயணம்’ என்று பெயர்! பிள்ளைகள் உலகைப் பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. பாதியை மறைத்துக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

தான்சானியாவின் செரெங்கெட்டியில் காலங்காலமாக மாடு மேய்த்தவர்கள் மசாய் மக்கள். 1959இல் வெள்ளை ஆட்சி அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. வெள்ளையன் போனான், கொடுமை போயிற்றா? 2022 ஜூனில், பக்கத்து லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை வளைத்து எல்லைக்கல் நட்டார்கள். தடுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. பயணக் கம்பெனிகள் இதைப் பாடமாகச் சொல்லுமா?

தோழர்களே! கீரனூருக்குத் தெற்கே பழனி மலை. தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்த பளியர்களின் பூமி அது. 2013இல் கொடைக்கானல் சரணாலயம் அங்கே அறிவிக்கப்பட்டது. காட்டில் அவர்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அது தயவல்ல, உரிமை!

நம் மாவட்டத்தின் கிழக்கே, வேடசந்தூர், நத்தம் பக்கம், 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. கரூர் மாவட்டத்தையும் சேர்த்து 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென நாட்டிலேயே முதலாவது. பயிரைக் கெடுக்கும் பூச்சியைத் தின்னும் தேவாங்கு உழைப்பாளியின் நண்பன். மில் தொழிலாளியின் மகளும் விவசாயக் கூலியின் மகனும் அதை அறிய வேண்டாமா?

ஆகவே நாம் கேட்கிறோம்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரசு செலவில் காட்டுக்கு அழைத்துப் போ! காட்டு மக்களை வேடிக்கைப் பொருளாக்காதே, ஆசிரியர்களாக்கு! கிராம சபையைக் கேட்காமல் எல்லைக்கல் நடாதே!

காட்டைக் காப்போம், காத்தவனை விரட்டியல்ல!